வென்றவரை நீக்கினார்கள், தோற்றவரை வைத்துக்கொண்டார்கள்: பொஸ்டெகொக்லு விடயத்தில் நியாயம் யார் பக்கம்?

லிந்துலை வாசி:

2025 மே 21ஆம் திகதி பில்பாவோ நகரில் நடந்த, ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்கள் மோதும் யூரோப்பா லீக் தொடரின் இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக் கழகமான டொட்டன்ஹாம் 1-0 என்று இன்னோர் இங்கிலாந்துக் கழகமான மென்செஸ்டர் யுனைட்டட்டை வென்றது. 2008ஆம் ஆண்டின் லீக் கிண்ணத்துக்குப் பிறகு, 17 ஆண்டுகள் காத்திருந்து அந்தக் கழகம் தூக்கிய முதல் கிண்ணம் அது. சரியாகப் பதினாறு நாள் கழித்து, ஜூன் 6ஆம் திகதி, அதை வென்று கொடுத்த பயிற்றுவிப்பாளர் அஞ்ச் பொஸ்டெகொக்லுவை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் 15ஆம் இடத்தில் முடித்து, அந்த இறுதிப் போட்டியிலும் தோற்ற யுனைட்டட்டோ, தன் பயிற்றுவிப்பாளர் ருபென் அமோரிமைப் புதிய பருவத்துக்கும் வைத்துக்கொண்டது. இது அநியாயம் என்பதே என் வாதம்.

அந்த ஆட்டத்தை நான் பார்த்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். நமது இலங்கை நேரப்படி இரவு 12.30க்குத் தொடங்கிய ஆட்டம் அது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், காம்பராச் (அறைச்) சுவர் கூரை வரை எட்டாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் உறங்குகிறார்கள் என்பதால் ஒலியை முழுவதும் அடைத்துவிட்டே கடைசிவரை பார்த்தேன். அப்படிப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது ஓர் ஒழுங்கான தற்காப்பு. 68ஆவது நிமிடத்தில் டொட்டன்ஹாம் கோல் காப்பாளர் விக்காரியோ முன்னால் வந்து பந்தைத் தவறவிட, யுனைட்டட்டின் ஹொய்லண்ட் தலையால் தட்டிய பந்து வெறுங்கோலை நோக்கிப் போனது. டொட்டன்ஹாமின் தற்காப்பு வீரர் வான் டி வென் பின்னோக்கி ஓடிச் சென்று, உடம்பு முழுவதும் அந்தரத்தில் இருக்க, கோட்டருகே ஒரு காலைக் கொக்கிபோல் வளைத்துப் பந்தை வெளியே எடுத்தார். கண் முன்னே நடந்த அந்தக் காரியத்தை, மறுநாள் காலை பேசிய நண்பர்கள் எல்லோரும் "அதிர்ஷ்டம்", "பார்க்கச் சகிக்காத ஆட்டம்" என்றே சொன்னார்கள். அவர்கள் வர்ணனையோடு பார்த்தவர்கள். காதில் விழுந்ததை வைத்து ஒரு பயிற்றுவிப்பாளரை எடைபோடுகிறோமோ என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பண்டாரவளைக்காரன்:

தம்பி, ஒலியோடு பார்த்தாலும் இல்லாமல் பார்த்தாலும் புள்ளிப் பட்டியல் மாறாது. 38 போட்டிகளில் 22 தோல்வி, 38 புள்ளிகள், 17ஆம் இடம். அதற்கு ஒரு படி கீழே இறங்கியிருந்தால் இரண்டாம் பிரிவு. கீழே போன லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்ஹாம்டன் ஆகிய மூன்றும் முறையே 25, 22, 12 புள்ளிகள் என்ற அளவுக்கு நலிந்து கிடந்தபடியால்தான் டொட்டன்ஹாம் நிம்மதியாக இருந்தது. கிண்ணம் எல்லாப் பிழையையும் கழுவிவிடும் என்றால் விகன் கழகத்தை நினைத்துப் பாருங்கள். 2013 மே மாதம் மென்செஸ்டர் சிட்டியை வென்று, இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கினார்கள்; மூன்றாம் நாள் ஆர்சனலிடம் தோற்றுப் பிரீமியர் லீக்கிலிருந்தே வெளியேறினார்கள். லீக் என்பது பத்து மாதப் பரீட்சை. இறுதிப் போட்டி ஓர் இரவு. அந்த ஓர் இரவிலும் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு: 42ஆவது நிமிடத்து கோல், டொட்டன்ஹாமின் பிரெனன் ஜோன்சனும் யுனைட்டட்டின் லூக் ஷோவும் முண்டியடித்த குழப்பத்தில் உருண்டு உள்ளே போன பந்து.

அமோரிமை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்பது யுனைட்டட்டின் கணக்கு. ஒருவர் செய்த பிழையை இன்னொருவருக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

பொகவந்தலாவைப் பெரியவர்:

இந்த வாதத்தைக் கேட்கும்போது 1990 நினைவுக்கு வருகிறது. அந்தப் பருவத்தில் மென்செஸ்டர் யுனைட்டட் லீக்கில் 13ஆம் இடம். 1986இல் பயிற்றுவிப்பாளராக வந்த அலெக்ஸ் பெர்குசன் அங்கே அதுவரை ஒரு கிண்ணமும் வென்றிருக்கவில்லை. அவரை அனுப்பிவிட வேண்டும் என்று ரசிகர்களே கூச்சலிட்டார்கள். நான் அப்போது தொழிற்சாலையில் இரவு வேலை. சிற்றலை வானொலியில் விட்டு விட்டுக் கேட்கும் செய்திதான் எங்களுக்கு உதைபந்தாட்டம். அந்த ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியில் கிரிஸ்டல் பலஸுடன் 3-3 என்று முடிந்து, மீண்டும் ஆடி 1-0 என்று வென்றார்கள். மறு ஆண்டு பார்சலோனாவை வென்று ஐரோப்பியக் கிண்ணம் ஒன்று. முதல் லீக் பட்டம் 1993இல்தான் வந்தது; பிறகு ஓய்வு பெறும் வரை மொத்தம் 13.

கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட மலையைப் பார்த்து "இங்கே கொழுந்தே இல்லை" என்று சொல்பவரை நாம் என்ன சொல்வோம்? வெறும் குச்சியாக நிற்கும் அந்தச் சில மாதங்களைப் பொறுக்காதவருக்குத் தேயிலை தெரியாது என்போம்.

பண்டாரவளைக்காரன்:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பொறுமையால் பலன் கண்ட ஒருவரின் பெயரை மட்டும் எடுத்து வைக்கிறீர்கள். லெஸ்டரின் கதையையும் சேர்த்துப் பாருங்கள். 2016இல் யாரும் எதிர்பாராத லீக் பட்டத்தை வென்று கொடுத்த பயிற்றுவிப்பாளர் ரனியேரியை, 2017 பெப்ரவரியில் 17ஆம் இடத்தில் நின்றபோது நீக்கினார்கள். எனக்கும் அன்று மனம் வலித்தது. ஆனால் அவருக்குப் பிறகு அதே வீரர்கள் 12ஆம் இடத்தில் முடித்தார்கள். நன்றி வேறு, கழகத்தின் நாளைய தேவை வேறு.

மஸ்கெலியா ஆசிரியை:

லிந்துலைத் தம்பி வர்ணனையாளர்கள் மீது சுமத்தும் பழியை என்னால் முழுமையாக ஏற்க முடியாது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டங்களை அங்குள்ளவர்களே தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்க்க முடியாது. மைதானத்துக்கு வருவோர் குறைந்துவிடக் கூடாது என்பதற்கான பழைய ஏற்பாடு அது. நாம் இங்கே இரவு 7.30க்கோ, குளிர்காலமானால் 8.30க்கோ அவற்றைப் பார்த்துவிடுகிறோம். வெளிநாடுகளுக்கென்றே தயாரிக்கப்படும் அந்த ஒளிபரப்பில்தான் வர்ணனையாளர் பீட்டர் ட்ரூரியின் குரல் நமக்குப் பழக்கமானது. 2023இல் ஸ்கை தொலைக்காட்சியில் மார்ட்டின் டைலரின் இடத்துக்கு அவர் போகும் முன்பே, மலையகத்தில் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். 2018இல் ரோமா பார்சலோனாவை 3-0 என்று வீழ்த்தியபோது, மூன்றாவது கோலைப் போட்ட கிரேக்க வீரர் மனோலஸை அவர் ரோமாபுரியில் தோன்றிய கிரேக்கக் கடவுளாகவே பாடினார். டைலர் வேறு வகை. 2012இல் கடைசி நிமிடத்தில் அகுவேரோ கோல் அடித்துச் சிட்டிக்குப் பட்டம் வென்று கொடுத்தபோது, அந்தப் பெயரை நீட்டிக் கூவிவிட்டு, மைதானத்தின் ஆரவாரத்துக்கு இடம்விட்டார்.

நம்முடைய காமன் கூத்தில் தப்பு மேளம் அடிப்பவர் ஆட்டத்தைக் கெடுக்கிறாரா? மேளம் ஏறும்போது நம் நெஞ்சும் ஏறுகிறது. அதற்காக ஆடுகிறவர் பிழையாக ஆடியதைச் சரி என்று யாரும் எண்ணுவதில்லை. டொட்டன்ஹாம் வீரர்கள் மடிசன், குலுசெவ்ஸ்கி, பேர்க்வால் ஆகியோர் காயத்தால் இறுதிப் போட்டியில் ஆட முடியாததைக்கூட வர்ணனை கேட்டவர்கள்தான் உடனுக்குடன் அறிந்திருப்பார்கள். உங்கள் பக்க வாதத்துக்கு வலுவூட்டும் செய்தி அது, தம்பி.

வர்ணனையாளர்களின் ஒரு குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 2024 செப்டெம்பரில் ஆர்சனலிடம் தோற்ற பிறகு, இரண்டாவது ஆண்டில் தாம் எப்போதும் ஏதாவது வெல்வதாகப் பொஸ்டெகொக்லு சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பருவம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லி, அவர் செய்த வேலையைப் பேசாமல் அவர் சொன்ன சொல்லையே பேசிக்கொண்டிருந்தார்கள். அது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிதான்.

பதுளை பயிற்றுவிப்பாளர்:

நான் தோட்டத்துப் பையன்களுக்குப் பந்தாட்டம் பழக்குகிறவன். எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் சரிவு. தற்காப்பு வீரர்களின் பின்வரிசையை முன்னால் தள்ளி நிறுத்தினால், தலைக்கு மேலே வரும் ஒரு பந்து போதும். அது உருண்டு தேயிலைக்குள் போய்விடும், துரத்திப் போன பையன் அட்டைக்கடியோடு திரும்பி வருவான். பின்வரிசையை உயர்த்துவதன் விலை என்னவென்று அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

2023 நவம்பரில் செல்சிக்கு எதிராகத் தம் தற்காப்பு வீரர்கள் ரொமேரோவும் உடோகியும் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும், ஒன்பது பேரோடு பின்வரிசையை நடுக்கோட்டருகே நிறுத்தி 4-1 என்று தோற்றார் பொஸ்டெகொக்லு. தாங்கள் ஆடும் முறை இதுதான் என்று அதற்குப் பெருமையாக விளக்கமும் சொன்னார். பில்பாவோவிலோ பந்தை யுனைட்டட்டிடம் விட்டுவிட்டு, கோலுக்கு முன்னால் அடர்த்தியாக நின்று காத்தார். அதை லிந்துலைத் தம்பி ஒழுங்கு என்று சொன்னது முற்றிலும் சரி. என் கோபமே அங்கேதான் தொடங்குகிறது. இப்படிக் காக்கத் தெரிந்த மனிதர், லீக்கில் 22 முறை தோற்கும்வரை ஏன் அதைச் செய்யவில்லை? தெரியாமல் தோற்பவரை மன்னிக்கலாம். தெரிந்தும் மாற்ற மறுத்தவரை நான் நிர்வாகத்தில் இருந்தாலும் நீக்கியிருப்பேன்.

லிந்துலை வாசி:

பதுளை அண்ணனின் கேள்வி கடினமானது; மழுப்ப மாட்டேன். விக்காரியோ நவம்பரில் கணுக்கால் முறிந்து போனார். வான் டி வென், ரொமேரோ இருவரும் மாதக்கணக்கில் இல்லை. ஆளில்லாத பின்வரிசையைக் கோலுக்கு முன்னால் நிறுத்தியிருந்தாலும் அது உடைந்திருக்கும். வசந்தத்தில் கீழ் மூன்று கழகங்களும் எட்ட முடியாத தூரத்தில் போன பிறகு, லீக்கைக் கைவிட்டு ஐரோப்பாவைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வு கழகத்துக்கு, ஐரோப்பாவின் உச்சத் தொடரான சம்பியன்ஸ் லீக்கில் ஓர் இடத்தையும் வாங்கித் தந்தது. முதல் பருவத்தில் முதல் 10 ஆட்டங்களில் 26 புள்ளிகள் எடுத்து, ஐந்தாம் இடத்தில் முடித்தவரும் இவர்தான்.

அந்தக் கழகத்தின் பழக்கத்தையும் பாருங்கள். 2019 ஜூனில் சம்பியன்ஸ் லீக் இறுதி வரை கொண்டுபோன பயிற்றுவிப்பாளர் பொச்செட்டினோவை நவம்பரில் நீக்கினார்கள். 2021இல் மொரின்ஹோவை லீக் கிண்ண இறுதிக்கு ஆறு நாள் இருக்கும்போது அனுப்பினார்கள்; அந்த இறுதியில் தோற்றார்கள். நீக்குவதால் திருந்தும் கழகமானால் எப்போதோ திருந்தியிருக்கும். 2015இல் வந்து பத்து ஆண்டுகள் வெறுங்கையோடு நின்ற கொரிய வீரர் சொன் ஹியூங் மின், பில்பாவோவில் இடுப்பில் கொரியக் கொடியைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தவர்கள், அந்தக் கண்ணீருக்குக் காரணமான மனிதரை எப்படி மறக்கிறீர்கள்?

பண்டாரவளைக்காரன்:

மறக்கவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததை நீங்களும் மறைக்கக் கூடாது. 2025 செப்டெம்பரில் நொட்டிங்ஹாம் பொரஸ்ட் கழகம் பொஸ்டெகொக்லுவை அழைத்தது. 39 நாட்கள், 8 ஆட்டங்கள், ஒரு வெற்றியும் இல்லை, நீக்கிவிட்டார்கள்.

பொகவந்தலாவைப் பெரியவர்:

39 நாளில் ஒரு மனிதரை எடைபோட்டதை அவருடைய குற்றமாக எழுதுகிறீர்களா, தம்பி? பருவம் தொடங்கிவிட்ட பிறகு, முன்னவர் தொகுத்த அணியோடு, இரண்டு கிழமைப் பயிற்சிகூட ஒழுங்காகக் கிடைக்காத நேரம் அது.

பண்டாரவளைக்காரன்:

அதை ஒத்துக்கொள்கிறேன், ஐயா. பொரஸ்ட் உதாரணத்தை விட்டுவிடுகிறேன். நேற்றிரவு இன்னொன்றும் செய்தேன். பில்பாவோ ஆட்டத்தின் பதிவை, லிந்துலைத் தம்பி சொன்னபடி ஒலியை அடைத்துவிட்டு, இடைவேளைக்குப் பிறகான பகுதி முழுவதும் பார்த்தேன். வான் டி வென் ஓடத் தொடங்கும் இடத்தைப் பார்த்தேன். ஹொய்லண்டின் தலையில் பந்து படுவதற்கு முன்பே அவர் கோல்கோட்டை நோக்கித் திரும்பிவிட்டார். கோல் காப்பாளர் வெளியே போனால் அந்த இடத்தை யார் நிரப்புவது என்று பழக்கிவிட்ட ஓட்டமாகவே அது எனக்குத் தெரிந்தது. ஆகவே "அதிர்ஷ்டம்" என்று நான் எழுதியதை மீட்டுக்கொள்கிறேன். அவரை நீக்கியது சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை. பதுளை அண்ணன் கேட்ட கேள்விக்கு, காயங்களைச் சொல்லி நீங்கள் தந்த பதில் எனக்குப் பாதிதான் நிறைவளிக்கிறது.