ஸ்னோபேர்ட்: பறந்ததா, சறுக்கியதா?

மிதிவண்டிக்காரன்:
2010 ஆகஸ்ட் 2 அன்று கனடாவின் ஒன்டாரியோவில், டொராண்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் டாட் ரைக்கர்ட் கால்வலுவால் இறக்கையடித்து 19.3 விநாடிகளில் 145 மீட்டர் பறந்தார். ஸ்னோபேர்ட் என்ற அந்த ஊர்தியின் இறக்கை நீளம் 32 மீட்டர். எடையோ 43 கிலோகூட இல்லை. நேற்றிரவு காணொளியை மறுபடி பார்த்தேன். மனிதன் பறவையாய்ப் பறந்த நாள் அதுதான். மறுப்பவர் உண்டா?

கணக்குப்பிள்ளை:
உண்டு. காரில் கயிறு கட்டி இழுத்து மேலேற்றியதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அவ்வளவு நீளமான, மெல்லிய இறக்கை ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 30 மீட்டர் முன்னே போய்விடும். ஐந்து மீட்டர் உயரத்தில் கயிற்றை விட்டால் 150 மீட்டர் சும்மாவே சறுக்கி வரும். 1977இல் காசமர் கான்டார் என்ற விசிறி வைத்த மிதி விமானம் பெடல் மிதித்தே தரையைவிட்டு எழும்பி, எட்டு வடிவில் சுற்றி வந்து, மனித வலுவால் பறப்பதற்கான கிரெமர் பரிசை வாங்கியது. அதற்குப் பெயர் பறத்தல்.

மிதிவண்டிக்காரன்:
இறங்கினால்தானே ஐயா உங்கள் கணக்கு? கயிறு விட்ட பிறகும் உயரமும் வேகமும் குறையவில்லை என்பதுதான் சாதனையே. சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் பார்வையாளர் அங்கேயே நின்றிருந்தார். இதற்காக ரைக்கர்ட் எட்டுக் கிலோ எடை குறைத்திருக்கிறார். சறுக்குவதற்கு யாராவது பட்டினி கிடப்பார்களா?

வழிப்போக்கன்:
2012இல் ஒரு டச்சுக்காரர் கையிலேயே இறக்கை கட்டிப் பறந்தாரே, அதைவிடவா?

கணக்குப்பிள்ளை:
அது பொய்க் காணொளி. எடுத்தவரே ஒப்புக்கொண்டுவிட்டார். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்றான கானமயிலே 15 கிலோவைத் தாண்டுவது அரிது. 70 கிலோ ஆள் கையை வீசிப் பறப்பதாவது!

தச்சன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூங்கில் சிம்பும் பட்டக் காகிதமும் ரப்பர் முறுக்கும் வைத்து இறக்கையடிக்கும் பொம்மைகள் செய்பவன் நான். காணொளியில் இறக்கையை விட்டுவிட்டு நடுக்கூண்டைப் பாருங்கள். ரைக்கர்ட் காலால் கட்டையை உதைக்கிறார். கயிறு இறக்கையைக் கீழே இழுக்கிறது. அந்த நொடியில் கூண்டு ஆளோடு மேலே எகிறுகிறது. காலைத் தளர்த்தினால் காற்றே இறக்கையை மேலே தூக்கிவிட, கூண்டு தாழ்கிறது. என் பொம்மைகளும் அச்சு அசலாக இப்படித்தான் குதிக்கும். வெறும் சறுக்கலில் இந்தக் குதிப்பு இராது. ஆகவே உழைப்பு உண்மை.

ஆனால் பயன்? சுழலும் விசிறி ஒரே சீராகத் தள்ளும். இங்கே 32 மீட்டர் இறக்கையை ஒவ்வோர் அடிக்கும் நிறுத்தித் திருப்ப வேண்டும். முறியாத அளவுக்கு உறுதியும் வேண்டும், நெகிழ்வும் வேண்டும். விசிறி வைத்த டீடலஸ் என்ற மிதி விமானம் 1988இல் கிரேக்கத் தீவான கிரீட்டிலிருந்து இன்னொரு தீவான சாந்தோரினிக்கு 115 கிலோமீட்டர் போனது. இதுவோ 145 மீட்டர்.

மிதிவண்டிக்காரன்:
தச்சரே, பயன் பார்த்தா பொம்மை செய்கிறீர்கள்?

தச்சன்:
பிடித்துவிட்டீர்கள். இல்லைதான்.

கணக்குப்பிள்ளை:
கூண்டு குதிப்பதை நான் முன்பு கவனிக்கவில்லை, இப்போது பார்த்தேன், சரிதான். சறுக்கல் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். கார் விஷயத்தில் மட்டும் இறங்கி வரமாட்டேன். புறா எதையும் யாரும் கயிறு கட்டி இழுத்துவிட்டு நான் பார்த்ததில்லை.

மிதிவண்டிக்காரன்:
மாடிக் கைப்பிடியிலிருந்து குதித்துக் கிளம்பும் புறாவைப் பார்த்திருப்பீர்களே?