பழைய சமையல் புத்தகத்தில் பலம், ஆழாக்கு, ரூபாய் எடை: இன்றைக்கு எப்படி அளப்பது?

வைகைக்கரை:
பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய சமையல் புத்தகம் ஒன்று. அட்டையும் முதல் எட்டுப் பக்கமும் இல்லை. அதில் மொச்சைக் கருவாட்டுக் குழம்புக்கு இப்படி இருக்கிறது: மொச்சைப் பயறு 1 ஆழாக்கு, கருவாடு 2 பலம், கொத்தமல்லி அரைப் பலம், மிளகாய் வற்றல் 15, மிளகு கால் ரூபாய் எடை, சீரகம் அதே அளவு, வெங்காயம் 3 பலம், புளி எலுமிச்சங்காய் அளவு, நல்லெண்ணெய் கால் ஆழாக்கு. 15-ஐ யாரோ பென்சிலில் அடித்து 10 என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒரு ரூபாய்க் காசைத் தராசில் வைத்து மிளகு, சீரகம் அளந்தேன். குழம்பு சப்பென்று, ஆனால் காரம் மட்டும் தலைக்கு ஏறியது. உப்பும் அதிகம். மொச்சை தோல் வேகவே இல்லை. எங்கே தப்பு? புத்தகம் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? முதுகில் பூச்சி அரித்திருக்கிறது, அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

தராசுமுள்:
முதல் தப்பு அந்தக் காசுதான். ரூபாய் எடை என்பது பழைய வெள்ளி ரூபாயின் எடை, அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். இன்றைய ஒரு ரூபாய்க் காசு நாலு கிராமைக்கூடத் தொடாது. கால் ரூபாய் எடை மிளகு என்றால் ஏறக்குறைய 3 கிராம், தலை தட்டாத ஒரு டீஸ்பூன். நீங்கள் ஒரு கிராம்தான் போட்டிருக்கிறீர்கள்.

மற்றவை: 3 ரூபாய் எடை ஒரு பலம், 35 கிராம். 8 பலம் ஒரு சேர், 280 கிராம். 40 பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. சில புத்தகங்களில் வராகன் எடை வரும், பத்து வராகன் ஒரு பலம். ராத்தல் என்று இருந்தால் அது இங்கிலீஷ் பவுண்டு, 454 கிராம். சேரில் மட்டும் உஷார். வடக்கே 80 தோலா சேர் உண்டு, அது 933 கிராம். பட்சண வகைகளில் வடநாட்டு இனிப்பு வந்தால் எந்த சேர் என்று மற்றப் பொருள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆழாக்கு 168 மில்லி. உங்கள் மொச்சை 130 கிராம், எண்ணெய் 42 மில்லி.

சட்டிபானை:
தராசுமுள் அண்ணே, எடைக் கணக்கு சரி. ஆழாக்கை மட்டும் அப்படி ஒரே எண்ணில் கட்டிப்போட வேண்டாம். ஆழாக்கு படியில் எட்டில் ஒன்று, அது எங்கும் மாறாது. படிதான் ஊருக்கு ஊர் மாறும். 168 முதல் 200 மில்லி வரை எதுவும் இருக்கலாம். வீட்டில் பித்தளைப் படியோ உழக்கோ கிடந்தால் தராசில் வைத்து, தலை வழியத் தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். தண்ணீர் மட்டும் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு.

இன்னொன்று, தானியத்தைக் குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்று பல புத்தகங்கள் சொல்வதே இல்லை. அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே ஆழாக்கு என்றால் கவலை இல்லை, விகிதம் தானே வந்துவிடும். தானியம் ஆழாக்கில், வெல்லம் பலத்தில் என்று கலந்து வரும் இடத்தில்தான் பாகு காலை வாரும். அங்கே முதல் தடவை கால் பங்கு செய்து பார்ப்பது நல்லது.

உசிலம்பட்டிக்காரி:
மிளகாயை எண்ணிப் போடாதீர்கள் தம்பி. குண்டு மிளகாயும் நீட்டு மிளகாயும் ஒன்றல்ல. ராமநாதபுரம் குண்டுக்கு நிறமும் வாசமும் உண்டு, காரம் அளவாக இருக்கும். இப்போது மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒல்லி நீட்டு மிளகாய் பல சமயம் அதைவிடக் கடுமை. பென்சிலில் 10 என்று திருத்திய அம்மாவும் மிளகாய் மாறியதைப் பார்த்துத்தான் திருத்தியிருப்பார். குண்டு என்றால் 12 கிராம், நீட்டு என்றால் 7 கிராமில் நிறுத்துங்கள்.

புளிக்கும் ஒரு கணக்கு: கொட்டைப்பாக்கு அளவு 5 கிராம், நெல்லிக்காய் அளவு 10 முதல் 12, எலுமிச்சங்காய் அளவு 25. பழம்புளி கறுத்திருக்கும், அதைப் போட்டால் 20 போதும்.

இனி மொச்சை. வேகாததற்குக் காரணம் மூன்றில் ஒன்று. வருஷக் கணக்கில் கிடந்த பழைய மொச்சை, போர் தண்ணீர், அல்லது புளியை முன்னாலேயே ஊற்றியது. போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், தோலை இறுக்கிவிடும். புளிப்பும் அப்படித்தான். குடிதண்ணீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் 4 விசில், பிறகு ஆவி தானே அடங்க வேண்டும். இரண்டு விரலால் அழுத்தினால் தோலும் நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் இன்னும் 2 விசில். ஆப்பச் சோடா போட்டால் வெந்துவிடும், ஆனால் ஒரு சிட்டிகை தாண்டினால் வழுவழுவென்று சோப்பு வாடை அடிக்கும்.

மல்லி 17 கிராம், மிளகு, சீரகம் தலா 3 கிராம், மிளகாய் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்கணும். சேர்த்துப் போட்டால் சீரகம் கருகும்போது மல்லி பச்சையாகவே இருக்கும். சின்ன வெங்காயம் 100 கிராமில் நாலு உருண்டையை வதக்கி மசாலாவோடு அரையுங்கள், குழம்புக்கு உடம்பு வரும்.

மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கால் டீஸ்பூன் வெந்தயம், பூண்டு 10 பல், மீதி வெங்காயம், கறிவேப்பிலை, நீளவாக்கில் நறுக்கிய கத்தரிக்காய் 150 கிராம். புத்தகத்தில் கத்தரிக்காய் இல்லை, இருந்தாலும் போடுங்கள். அரைத்த மசாலாவை எண்ணெயில் மூணு நிமிஷம் வதக்கி, 400 மில்லி புளித்தண்ணீர் ஊற்றிப் பச்சை வாடை போகக் கொதிக்க விடுங்கள். பத்து நிமிஷம் கழித்து மொச்சையும் அது வெந்த தண்ணீர் 300 மில்லியும்.

கருவாடு கடைசியில்தான். நெத்திலி என்றால் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் பத்து நிமிஷம், பிறகு மணல் போக மூணு தரம் அலசல். சீலாத் துண்டு என்றால் 20 நிமிஷம் ஊறணும். நெத்திலி போட்ட பிறகு ஐந்து நிமிஷம்தான், கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றுங்கள், இல்லாவிட்டால் கரைந்து முள் மட்டும் மிஞ்சும். அதற்குப் பிறகுதான் உப்பு பார்க்கணும். உங்களுக்கு உப்பு கூடினது இந்த வரிசை மாறியதால்.

எண்ணெய் மேலே மிதந்ததும் இறக்கி இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். தொட்டுக்கொள்ளக் கேப்பைக்களி. சோறு ரெண்டாம் பட்சம்தான்.

ராமபாணம்:
காலம் கண்டுபிடிக்க அட்டை தேவையில்லை. கடைசிப் பக்க விளம்பரத்தைப் பாருங்கள். விலை ரூ. 2-8-0 என்று அணாக் கணக்கில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று கொள்ளலாம். ந.பை. (நயா பைசா) என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. "மதுரை-1" என்று மட்டும் இருந்தால் அநேகமாக அதற்கு முன். லை, னை, ணா, றா பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், பழைய அச்செழுத்தை வைத்திருந்த சிறு அச்சகங்கள் அதற்கப்புறமும் ஓட்டின. அளவுகளும் முழுச் சாட்சி ஆகாது: மெட்ரிக் எடை 1958-லிருந்து வந்தாலும் மறுபதிப்புகள் பலத்தையே தொடர்ந்தன. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' (1951) ஆக இருக்குமோ என்று தேட வேண்டாம், அது சைவம்.

பூச்சி: முதுகில் உள்ள மாவுப் பசைக்காக வருவது. வெயிலில் காயவைக்காதீர்கள், தாள் மொறுமொறுத்து உடையும். காற்று வெளியேற்றிய பிளாஸ்டிக் உறையில் நன்றாக மூடி, ஃப்ரீசரில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே வையுங்கள், அவசரப்பட்டுப் பிரித்தால் தாளில் ஈரம் கோக்கும். கிழிசலுக்கு செலோ டேப் வேண்டவே வேண்டாம், சில வருஷத்தில் பழுப்புக் கறையாகிவிடும். துருப்பிடித்த கம்பிப் பின் இருந்தால் மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகளில் பருத்தி நூல் கோத்துத் தையுங்கள். பென்சில் குறிப்பை ரப்பரால் துடைத்து 'சுத்தம்' செய்யாதீர்கள், அந்தப் புத்தகத்தில் விலை உள்ள பகுதியே அதுதான்.

வைகைக்கரை:
நன்றி. கடைசிப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடி விளம்பரம், விலை "75 ந.பை." மொச்சை ஊறப்போட்டாச்சு. குழம்பு மிஞ்சினால் மறுநாள் தாங்குமா அக்கா?

உசிலம்பட்டிக்காரி:
தாங்கும். ராத்திரி ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் முழுச் சட்டியையும் சுடவைக்காமல் வேண்டியதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவையுங்கள், மொச்சை குழம்பை இழுத்துக் கெட்டியாகியிருக்கும். அரை டம்ளர் வெந்நீர் சேருங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.