குத்தகை வயலையே தவணைக்குத் தர்றேங்கிறார், எதைப் பேசி இறக்கலாம்?

பட்டறைக்காரன்:
வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். ஆறு மா நஞ்சை, ரெண்டு ஏக்கர் இருக்கும். அப்பா காலத்திலேர்ந்து குத்தகைக்கு நாங்கதான் சாகுபடி. நானும் அம்மாவும் சேத்துல இறங்குறோம், மத்த நேரம் பைக் பட்டறை. நிலத்துக்காரர் அம்பத்தூரில் மகன் வீட்டோட இருக்கார், எழுபத்தெட்டு வயசு. "வெளியாளுக்குக் குடுக்க மனசில்லடா, நீயே வாங்கிக்க, மூணு வருஷத்தில் குடு"ன்னார்.

மா அஞ்சு லட்சம், மொத்தம் முப்பது. என்கிட்ட நகை, சீட்டு எல்லாம் சேர்த்துப் பத்து தேறும். மீதி இருபதுக்கு ஒன்றரை ரூபா வட்டி. அவர் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பின ஷரத்து: ஒப்பந்தம் ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி போதும். கடைசித் தவணை கட்டுற அன்னிக்குத்தான் கிரயம். ஒரு தவணை தவறினாலும் முன்பணம் திரும்பாது. கடைசியா, "குத்தகை உரிமையை இன்றோடு விட்டுக்கொடுக்கிறேன்"னு ஒரு வரி. ஐயா நல்ல மனுஷன், பேரம் பேசவே கூச்சமா இருக்கு. எதைக் கேட்கலாம்?

கும்பகோணத்துக் கணக்கு:
ஒன்றரை ரூபான்னா வருஷத்துக்கு நூத்துக்குப் பதினெட்டு. மூணு வருஷமும் முழு இருபது லட்சத்துக்கே வட்டி போட்டா 10,80,000. வருஷத்துக்கு அசலில் மூணில் ஒரு பங்கு கட்டி, மிச்சத்துக்கு மட்டும் போட்டா 7,20,000. அதையே ஒரு ரூபா வட்டிக்கு இறக்கினா 4,80,000. மகன் எந்தக் கணக்கில் சொல்றார்னு முதல்ல கேளுங்க. நிறைய பேர் இதைக் கேட்காமலேயே அரை ரூபா குறைக்கப் போராடுவாங்க.

வயல் விளைச்சலை நம்பித் தவணை ஒத்துக்காதீங்க. ரெண்டு ஏக்கர் சம்பாவில் 60 கிலோ மூட்டை அறுபதுன்னு வைங்க, 36 குவிண்டால். 2025-26 பருவத்துக்கு டிபிசியில், அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில், பொது ரகம் குவிண்டால் 2,500. செலவு கழிக்காமலே தொண்ணூறாயிரம்தான். முதல் வருஷ வட்டியே 3,60,000. பட்டறைதான் கட்டணும்.

மூணாம்வாய்க்கால்:
தம்பி, நானும் கூச்சப்பட்டவன்தான். 2014இல் வலங்கைமான் பக்கம் நாலு மா, இதே மாதிரி நோட்டரி பேப்பர். தவணையை ரொக்கமாக் குடுத்து, ஒரு கோடு போட்ட நோட்டில் பெரியவர்கிட்ட கையெழுத்து வாங்குவேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து பேனாவை ரெண்டு உதறு உதறித்தான் போடுவார். மூணாவது தவணைக்கப்புறம் ஒரு மார்கழியில் போயிட்டார். கருமாதி முடிஞ்ச மறுவாரம் நோட்டைக் காட்டினேன். பெரிய மகன் புரட்டிப் பாத்துட்டு, "இது அப்பா கையெழுத்தே இல்லையே"ன்னான். அஞ்சு வாரிசு. கிரயம் பண்ணச் சொல்லி வழக்குப் போட ஒப்பந்தக் கெடு தேதியிலேர்ந்து மூணு வருஷம்தான். சமாதானம் பேசிப் பேசியே அது ஓடிடுச்சு. கடைசியில் பாதி நிலத்துக்கு மறுபடி விலை குடுத்தேன்.

அதனால் சொல்றேன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1லேர்ந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிஞ்சே ஆகணும். பதிஞ்சா வில்லங்கத்தில் ஏறும், உங்களைத் தாண்டி வேற ஆளுக்கு விக்கிறது லேசில்லை. பூர்வீகச் சொத்துன்னா மகன், மகள் எல்லார் கையெழுத்தும் இப்பவே. பணம் பேங்க் வழியா மட்டும். நிலத்துக்கு இருபதாயிரமோ அதுக்கு மேலயோ ரொக்கமாக் கைமாறினா வருமான வரியில் வம்பு.

அந்தக் குத்தகை வரியில் மட்டும் கையெழுத்துப் போடாதீங்க. சேத்துல இறங்கி சாகுபடி பண்ற குத்தகைக்காரரை 1955ஆம் வருஷச் சட்டப்படி வருவாய் நீதிமன்றம் போகாம வெளியேத்த முடியாது. இன்னிக்கு அதை எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு ஒரு தவணை தவறினா, பத்து லட்சமும் போச்சு, வயலும் போச்சு. கிரயம் ஆகுற அன்னிக்குக் குத்தகை தானா முடியுதுன்னு மாத்தி எழுதச் சொல்லுங்க. குத்தகைப் பதிவேட்டில் உங்க பேரோ அப்பா பேரோ இருக்கான்னும் பாருங்க.

இன்னொரு வழி: இப்பவே கிரயம் வாங்கி, அதே நாளில் அந்த நிலத்தையே அவருக்கு அடமானம் எழுதிக் குடுக்கிறது. அவருக்கும் பயமில்லை. ஆனா முத்திரை 7, பதிவு 2, ஆக நூத்துக்கு ஒன்பது, முப்பது லட்சத்துக்கு 2,70,000 உங்க பத்திலேர்ந்து போகும். அப்ப முன்பணத்தைக் குறைச்சுக் கேளுங்க.

சங்கத்துக்காரர்:
மூலப்பத்திரத்தைப் பாத்தீங்களா? கோயில், மடம், கட்டளைன்னு ஒரு சொல் இருந்தாலும் நின்னு விசாரிங்க. சொசைட்டியில் அவர் பேரில் பயிர்க்கடன் பாக்கி இருக்கான்னும்.

பட்டறைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை அம்பத்தூர் போய்ட்டு வந்தேன். அம்மா அரை மூட்டைப் புழுங்கலரிசி குடுத்து விட்டாங்க, அதை இறக்கி வெச்சிட்டுத்தான் பேச்சு. குத்தகை வரியைப் பாத்து ஐயாவே "இதை யாருடா எழுதினது"ன்னு மகனைக் கேட்டார். எடுத்தாச்சு. ஒரு ரூபா வட்டி, மிச்சத்துக்கு மட்டும். தவணை வருஷம் ஒண்ணு, மாசிக் கடைசி, நெல்லுப் பணமும் கைக்கு வந்திருக்கும். தவறினா ரெண்டு மாசம் கூடுதல் வட்டியோட பொறுத்துக்கணும், அதுக்கப்புறமும் கட்டலைன்னா முன்பணத்தில் ஒரு லட்சம் மட்டும் பிடித்தம். மகன் ரெண்டு கேட்டார், ஒண்ணில் நின்னுது. ஒப்பந்தம் பதிவுதான்.

ஒண்ணு மட்டும் பாக்கி. ஓசூரில் இருக்கிற பெரிய மகளுக்கும் வீட்டுக்கும் நாலு வருஷமாப் பேச்சில்லையாம். நானே போய்க் கேட்கட்டுமான்னேன். ஐயா ஒண்ணும் சொல்லலை, ஃபோன் நம்பரை மட்டும் எழுதிக் குடுத்தார்.