பில் போடும் கணினியில் ஷார்ட்கட் வைரஸ், இணையம் கிடையாது: எப்படி நீக்குவது?

கேள்வி
கடைக் கணினி விண்டோஸ் 10, 64 பிட். ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்வரும் பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. ஃபார்மட் செய்து செருகினாலும் சில நொடிகளில் மறுபடி வந்துவிடுகிறது. விண்டோஸை மறுபடி போடாமல் நீக்க முடியுமா?

பதில் 1
முடியும். முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள், பென் டிரைவ் பிறகு. கணினியில் வைரஸின் ஸ்கிரிப்ட் (சிறு கட்டளை நிரல்) ஓடிக்கொண்டிருக்கும்வரை ஃபார்மட் செய்து பயனில்லை.

டிரைவைக் கழற்றிவிட்டு டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கம் போங்கள். தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' பத்தியைச் சேர்த்தால், ஸ்கிரிப்ட்களை ஓட்டும் டபிள்யூஸ்கிரிப்ட் எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று முழுப் பாதையும் தெரியும். பெரும்பாலும் ஆப்டேட்டா அல்லது டெம்ப் ஃபோல்டரில் இருக்கும் ஒரு விபிஎஸ் (ஸ்கிரிப்ட்) ஃபைல். பாதையைக் குறித்துக்கொண்டு, ஓட்டத்தை நிறுத்தி, அந்த ஃபைலை அழியுங்கள். டபிள்யூஸ்கிரிப்ட் விண்டோஸின் சொந்த நிரல், அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓடுபவை இருக்கும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் ஒரு நகல் இருக்கலாம், பாருங்கள்.

பிறகு டிரைவைச் செருகி, எதையும் டபுள் கிளிக் செய்யாமல், கமாண்ட் பிராம்ப்டில் அந்த டிரைவுக்கு மாறி, மறைக்கப்பட்ட ஃபோல்டர்களை வெளிக்காட்ட அட்ரிப் கட்டளை கொடுங்கள்: மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், கடைசியில் ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி. மைனஸ் ஹெச் மட்டும் கொடுத்தால் சிஸ்டம் ஃபைல் என்று சொல்லி மறுத்துவிடும். சில வகை வைரஸ்கள் எல்லா ஃபைல்களையும் பெயரே தெரியாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவைக்கும். ஷார்ட்கட்டோடு சேர்த்து அதையும் அழித்தால் கணக்கு மொத்தமும் போய்விடும். உள்ளே இருப்பதை வெளியே எடுத்த பிறகே அழியுங்கள்.

கேள்வி கேட்டவர்
அழித்துவிட்டேன். ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும் ஸ்கிரிப்ட் ஃபைல் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது.

பதில் 1
நல்ல அறிகுறிதான். ஃபைல் போய்விட்டது, அதைக் கூப்பிடும் பதிவு மட்டும் மிச்சம். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், தொடக்கத்தில் ஓட வேண்டியவற்றைக் குறிக்கும் ரன் கீ இரண்டு இடத்தில் உண்டு, கரண்ட் யூசரிலும் லோக்கல் மெஷினிலும். இரண்டையும் பாருங்கள், நிரல்களைக் குறித்த நேரத்தில் ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் விடாதீர்கள்.

பதில் 2
டிரைவைச் செருகியதும் தானாக ஓடவைக்கும் ஆட்டோரன்னை நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, ஷார்ட்கட்டைத் திறப்பது நம் கைதான். இங்கே பலன் தருவது விபிஎஸ் போன்றவற்றை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டை முடக்குவது. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், செட்டிங்ஸ் வரை போய் 'எனேபிள்ட்' என்று ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) உருவாக்கி 0 கொடுங்கள். பில் மென்பொருள் விபிஎஸ் எதையும் நம்பியிருந்தால் அதுவும் நின்றுவிடும், ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் இல்லாமல், ரன்டிஎல்எல்32 என்ற விண்டோஸ் நிரல் வழியாக வரும் வகைகளை இது தடுக்காது.

அதற்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ்தான். மைக்ரோசாஃப்ட் தளத்தில் அதன் அப்டேட் தனி ஃபைலாகக் கிடைக்கும், 100 எம்பிக்கு மேல் இருக்கும். 64 பிட்டுக்கு உரியதைச் சுத்தமான கணினியில் இறக்கி, சிடியில் எழுதிக் கொண்டுவாருங்கள். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் உதவும், ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும். ஆடிட்டர் அலுவலகக் கணினியையும் இதே முறையில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அங்கே போய்வந்த டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்க வேண்டாம்.