'பாஸ்தா' தொடரில் வரும் ஆலியோ ஓலியோ: வீட்டில் செய்தால் எண்ணெய் ஏன் பிரிந்து நிற்கிறது?

மழைத்தூறல்:
2010-ல் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் வந்த 'பாஸ்தா' தொடர் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி. அதில் வரும் லா ஸ்ஃபேரா உணவகச் சமையலறையில் நாயகி சோ யூ-கியோங் செய்யும் ஆலியோ ஓலியோ என்ற பூண்டு ஸ்பகெட்டி பளபளவென்று, இழைக்கு இழை சாறு ஒட்டியபடி இருக்கும். வீட்டில் செய்தால் தட்டின் அடியில் எண்ணெய்க் குளம், மேலே வறண்ட ஸ்பகெட்டி. பூண்டு வேறு கசக்கிறது.

அளவு: ஸ்பகெட்டி 200 கிராம், ஆலிவ் எண்ணெய் 6 மேசைக்கரண்டி, பூண்டு 10 பல், காய்ந்த மிளகாய் 3. எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பூண்டைப் போட்டு, சிவந்த பிறகு, வடித்து வைத்த ஸ்பகெட்டியைக் கொட்டிப் பிரட்டுவது. எங்கே தப்பு? செஃப் வாணலியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறாரே, அது சுவைக்கா, இல்லை கேமராவுக்கா?

அடுப்படி:
"வடித்து வைத்த" என்ற இடத்திலேயே சாறு போய்விட்டது. பெயரில் பூண்டும் எண்ணெயும்தான் இருக்கின்றன. ஆனால் இந்தப் பண்டத்தைச் சேர்த்துப் பிடிப்பது ஸ்பகெட்டி வெந்த தண்ணீர். சோற்றுக் கஞ்சி மாதிரி அதில் மாவுச்சத்து இறங்கியிருக்கும். அந்தக் கஞ்சியும் எண்ணெயும் சூட்டில் வேகமாகக் கலக்கும்போதுதான் வெளிர் நிறத்தில், கொஞ்சம் கொழகொழவென்று ஒரு சாறு கிடைக்கும். இழையில் ஒட்டுவது அதுதான். எண்ணெய் மட்டும் இருந்தால் வழுக்கிக் கீழே இறங்கிவிடும்.

200 கிராமுக்கு 1.5 லிட்டர் தண்ணீரும் 12 கிராம் உப்பும் போதும். பெரிய பானையில் 4 லிட்டர் வைத்தால் கஞ்சி நீர்த்துப்போகும். தண்ணீரில் எண்ணெய் விட வேண்டாம். வெந்ததைக் குழாயடியில் அலசவே கூடாது.

பாக்கெட்டில் 9 நிமிடம் என்று போட்டிருந்தால் 7-ஆவது நிமிடத்தில் இடுக்கியால் எடுத்து நேராகப் பூண்டு எண்ணெயில் போடுங்கள். கூடவே 150 மில்லி கஞ்சித் தண்ணீர். தீயைக் கூட்டி, மீதி 2 நிமிடமும் விடாமல் கிளறினால் ஸ்பகெட்டி வாணலியிலேயே வெந்து முடியும், சாறும் குறுகும். கொஞ்சம் சாறு மிச்சமிருக்கும்போதே அடுப்பை அணைத்து, 1 மேசைக்கரண்டி சூடாக்காத ஆலிவ் எண்ணெயும் பொடியாக நறுக்கிய பார்ஸ்லியும் போட்டு 20 நொடி பிரட்டுங்கள். எண்ணெய் மொத்தம் 4 மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். 6 என்பது இந்த அளவுக்கு அதிகம்.

சாறு முழுக்க வற்றினால் எண்ணெய் மறுபடி பிரியும். பயப்பட வேண்டாம். 2 கரண்டி கஞ்சித் தண்ணீர் விட்டுக் கிளறினால் திரும்பச் சேர்ந்துவிடும். அதனால் ஒரு டம்ளர் தண்ணீரைக் கடைசி வரை எடுத்து வைத்திருங்கள்.

பாக்கெட்டையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மைதா கலந்தது சீக்கிரம் குழைந்துவிடும். டியூரம் கோதுமை ரவை மட்டும் போட்டதாக வாங்குங்கள். இழை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இல்லாமல் வெள்ளை மாவு பூத்தாற்போல் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் நல்லது, சாறு பிடிக்கும்.

பூண்டுத்தோல்:
கசப்புக்குக் காரணம் காய்ந்த எண்ணெய். தாளிக்கிற பழக்கத்தில் நம் கை தானாக எண்ணெயைக் காய வைத்துவிடும். இங்கே அது ஆகாது. பூண்டும் எண்ணெயும் ஒன்றாக, அடுப்பு மூட்டாத வாணலியில் போக வேண்டும். பிறகு சிறு தீயில் 4, 5 நிமிடம். வாணலியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் ஓரத்தில் தேங்கிப் பூண்டு முழுக்க மூழ்கும்.

துண்டு 2 மில்லிமீட்டர் கனம், எல்லாம் ஒரே சீராக. மெல்லியதும் தடித்ததும் கலந்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று பச்சையாக இருக்கும். பல் கணக்கை நம்பாதீர்கள், நாட்டுப்பூண்டுப் பல்லும் மலைப்பூண்டுப் பல்லும் ஒன்றல்ல. 200 கிராமுக்கு உரித்த பூண்டு 25 முதல் 30 கிராம். ஓரம் வைக்கோல் நிறம் வந்ததுமே மிளகாயைக் கிள்ளிப் போட்டு, வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி, கஞ்சித் தண்ணீர் விட்டுச் சூட்டை அடக்குங்கள். தெறிக்கும், கை பத்திரம். சிவக்கும் வரை காத்திருந்தால், இறக்கிய பிறகும் எண்ணெய்ச் சூட்டில் வெந்து கருகிவிடும்.

பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி போடுபவர்கள் உண்டு. சாப்பிடலாம், ஆனால் அந்த மணம் பூண்டை அமுக்கிவிடும். கிடைக்காவிட்டால் இலையே இல்லாமல் விடுவது மேல். சீஸும் வேண்டாம்.

சியோல்வண்டி:
தூக்கிப் போடுவது கேமராவுக்காக மட்டும் அல்ல. தண்ணீரும் எண்ணெயும் அடித்துக் கலக்க வேண்டும், அதற்கு அது ஒரு வழி. லீ சன்-கியுன் நடித்த தலைமை செஃப் சோய் ஹியோன்-வூக் பாத்திரத்துக்கு முன்மாதிரி என்று கொரியாவில் சொல்லப்படுபவர் சாம் கிம் என்ற இத்தாலியச் சமையல் செஃப். அந்தச் சமையலறைக் காட்சிகளில் தொழில் ஒழுங்கு தெரிவதில் வியப்பில்லை. வசனத்தைவிட அந்த அடுப்பு வரிசைதான் தொடரின் உயிர் என்பேன். "என் சமையலறையில் பெண்கள் கிடையாது" என்று கத்துகிற அந்த செஃபிடம் யூ-கியோங்காக நடித்த கோங் ஹியோ-ஜின் பதில் பேசாமல் வாணலியைப் பிடித்து நிற்பதில்தான் காதலே தொடங்குகிறது.

பழக வேண்டுமானால் ஓரம் சரிந்த 24 செ.மீ. வாணலியில் 200 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையைப் போட்டு, அடுப்பில்லாமல் பயிற்சி செய்யுங்கள். மேலே தூக்க வேண்டியதில்லை. முன்னால் தள்ளி, நுனியைச் சற்றே உயர்த்தி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். கை வராவிட்டால் இடுக்கியால் வேகமாகச் சுழற்றினாலும் சாறு சேரும்.

மழைத்தூறல்:
நன்றி. 4 பேருக்கு 400 கிராமை ஒரே வாணலியில் போடலாமா? கொரியாவில் பாஸ்தாவோடு ஊறுகாய் வைப்பார்களாமே, அது எப்படி?

அடுப்படி:
வேண்டாம். கனம் ஏறினால் கிளற முடியாது. சாறு குறுகுவதற்குள் ஸ்பகெட்டி குழைந்துவிடும். பூண்டு எண்ணெயை மொத்தமாகச் செய்து இரண்டாகப் பிரித்து, 200 கிராமாக இரண்டு முறை முடியுங்கள்.

சியோல்வண்டி:
அது வெள்ளரி ஊறுகாய். நம் ஊறுகாய் மாதிரி காரமோ எண்ணெயோ கிடையாது, இனிப்புப் புளிப்புதான். வினிகர் 1 கப், சர்க்கரை 1 கப், தண்ணீர் 2 கப், உப்பு 1 மேசைக்கரண்டி, மிளகு 10, பிரிஞ்சி இலை 1. கொதித்ததும் சூடாகவே வெள்ளரித் துண்டுகள்மேல் ஊற்றுங்கள். ஆறிய பிறகு ஊற்றினால் வெள்ளரி சொதசொதத்துவிடும், சூடாக ஊற்றினால்தான் மொறுமொறுப்பு நிற்கும். ஆறியதும் ஃபிரிட்ஜில் ஒரு நாள்.