அரசு மானியத்தில் ஆய்வகக் கருவி: பட்ஜெட்டில் விட்டுப்போகும் செலவுகள் (அனுபவப் பகிர்வு)

கேள்வி: மானிய விண்ணப்பத்தில் எதை எழுதாமல் விட்டால் பிற்பாடு கருவி முடங்குகிறது? கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

கருவிக்கூடப் பொறுப்பாளர்:
முதல் இடம் வாயுவுக்கு. ஐசிபி-எம்எஸ் (மாதிரியில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் கருவி) கேட்டுப் போகும் விண்ணப்பங்களில் கருவியின் விலை துல்லியமாக இருக்கும், ஆர்கான் இருக்காது. அதற்குள் பிளாஸ்மா (ஆர்கானிலிருந்து உண்டாகும் மிகச் சூடான அயனி வாயு) எரிகிற வரை நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் ஆர்கான் போய்க்கொண்டே இருக்கும். 47 லிட்டர் சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே சுமார் 7,000 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 17 லிட்டர் என்று கணக்குப் போட்டால் ஏழு மணி நேரம்கூட முழுசாக ஓடாது. பாதியில் அழுத்தம் இறங்கினால் பிளாஸ்மா அணைந்துவிடும், அன்றைய அளவுத்திருத்தத்தை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

ஒன்று தீர்ந்ததும் அடுத்ததுக்குத் தானாக மாறும் இரட்டைச் சிலிண்டர் மேனிஃபோல்டை கருவியோடு சேர்த்தே கேளுங்கள். திரவ ஆர்கான் கலன் மலிவு என்று சிலர் சொல்வார்கள். 180 லிட்டர் திரவம் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர் வாயுவாகும், அதுவரை சரி. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும் கூடத்தில், ஓடாத நாட்களிலும் அது ஆவியாகி வெளியே போய்க்கொண்டிருக்கும். தினமும் மாதிரி வருகிற இடத்துக்குத்தான் அது லாபம்.

யூபிஎஸ் பேட்டரிக்கும் பட்ஜெட்டில் தனியாக ஒரு இடம் வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து ஆண்டில் மாற்ற நேரும், அநேகமாக மானியக் காலம் முடிகிற அதே சமயத்தில்.

கொள்முதல் பிரிவு:
டெண்டர் விவரக்குறிப்பை ஒரு கம்பெனியின் விளம்பர ஏட்டிலிருந்து அப்படியே இறக்கினால், போட்டிக் கம்பெனி ஆட்சேபம் போடும், மாதக்கணக்கில் கோப்பு நகராது. உங்களுக்கு எந்த மாதிரியில், எந்தச் செறிவில், எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று எழுதுங்கள். ஏற்புச் சோதனைக்கும் (கருவியை நிறுவியபின், ஏற்கலாமா என்று பார்க்கும் சோதனை) அதே வரிகளை வையுங்கள். உங்கள் கூடத்தில், உங்கள் மாதிரியில் அந்த எண் வராமல் கடைசித் தவணையை விடுவிக்கக் கூடாது.

வாரண்டி வாசகத்தை இரண்டு தடவை படியுங்கள். ‘நிறுவியதிலிருந்து 12 மாதம், அல்லது அனுப்பியதிலிருந்து 15 மாதம், எது முந்தியதோ அது’ என்ற மாதிரி இருக்கும். அந்தப் பின்பாதிதான் வில்லங்கம். அறை தயாராகாமல் பெட்டி ஓரமாகக் கிடக்கும், வாரண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்புச் சோதனையில் கையெழுத்தான தேதியிலிருந்து என்று மாற்றி வாங்குங்கள். வாரண்டிக்குப் பிந்தைய பராமரிப்பு ஒப்பந்தத்தின் விலையையும் டெண்டரிலேயே கேட்டுவிடுங்கள். போட்டி இருக்கும்போது கிடைக்கிற விலை, கருவி உள்ளே வந்தபின் கிடைக்காது.

என்எம்ஆர் பராமரிப்பு:
என்எம்ஆர் என்பது வலுவான காந்தப்புலத்தில் மாதிரியை வைத்து மூலக்கூறின் அமைப்பைப் பார்க்கும் கருவி. அதன் மீக்கடத்துக் காந்தத்துக்கு (குளிரில் மின்தடையே இல்லாத சுருள்) மின்சாரம் போனாலும் காந்தப்புலம் போகாது. போகவே கூடாதது குளிர். திரவ ஹீலியம் 4.2 கெல்வினில், அதைச் சுற்றி 77 கெல்வினில் திரவ நைட்ரஜன். நைட்ரஜனை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும் நிரப்ப வேண்டும். ஹீலியம் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கிச் சுருள் சூடானால் குவெஞ்ச்: மீக்கடத்தல் அறுந்து, ஹீலியம் ஒரேயடியாகக் கொதித்து வெளியேறும். ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பத்தில் 700 லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாகும், அறையிலுள்ள ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். ஆக்சிஜன் மானியும் வெளியேற்றுக் குழாயும் கட்டட வேலையின் கீழ் வருமா, கருவியின் கீழ் வருமா என்று விண்ணப்பத்திலேயே முடிவு செய்யுங்கள். இரண்டு தலைப்பிலும் விட்டுப்போவதுதான் வழக்கம்.

‘ஹீலியம் நிரப்பவே வேண்டாம்’ என்று விற்கிற, ஆவியாகும் ஹீலியத்தை உள்ளேயே மறுபடி திரவமாக்கும் வகை வேறு கதை. அதில் குளிர்தலையும் (ஹீலியத்தைக் குளிர்விக்கும் பாகம்) அதை ஓட்டும் கம்ப்ரஸரும், கம்ப்ரஸருக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லரும் நிற்காமல் ஓட வேண்டும். ஹீலியத்தில் மிச்சமாவது மின்கட்டணத்திலும் குளிர்தலைப் பராமரிப்பிலும் கொஞ்சம் போய்விடும். ஜெனரேட்டர் இணைப்பு சில்லருக்கும் உண்டா என்று கேளுங்கள். கம்ப்ரஸருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, தண்ணீர் ஓடாததால் சில நிமிடங்களில் அது சூடேறி நின்ற இடங்கள் உண்டு.

மானியக் கணக்கு:
‘கருவி’ என்று எதைச் சொல்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சி மானிய விதியில் அந்த வரம்பு 5,000 டாலரிலிருந்து 10,000 டாலராக 2024 அக்டோபர் 1 முதல் உயர்ந்தது. மானியம் வாங்கும் நிறுவனமும் தன் வரம்பை உயர்த்தியிருந்தால், 7,000 டாலர் பம்ப் இப்போது கருவிக் கணக்கில் வராது, பொருள் கணக்குக்குப் போகும். கருவி என்றால் அதன்மேல் மறைமுகச் செலவு விகிதம் (கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுக்காக நிறுவனம் சேர்க்கும் சதவீதம்) ஏறாது, பொருள் என்றால் ஏறும். பழைய பட்ஜெட் தாளை நகல் எடுத்தால் மொத்தத் தொகை தப்பாகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆராய்ச்சி மானியத் திட்டத்தில் பொதுவிதி தேய்மானம் மட்டுமே, அதாவது கருவியின் ஆயுளில் திட்டக் காலத்துக்குரிய பங்கை மட்டும் கேட்கலாம். ஐந்தாண்டுத் தேய்மானம் உள்ள கருவியைத் திட்டம் முடிய 12 மாதம் இருக்கும்போது வாங்கினால், முழுக்க அந்தத் திட்டத்துக்கே பயன்படுத்தினாலும் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் திரும்ப வரும். முழு விலையும் ஏற்கப்படும் என்று அந்த விண்ணப்ப அழைப்பிலேயே சொல்லியிருந்தால் தவிர. எனவே முதல் மாதத்திலேயே ஆர்டர் போடுங்கள்.

கருவிக்கூடப் பொறுப்பாளர்:
மேலே உள்ளதோடு ஒன்று: கருவியின் அளவையும் எடையையும் கேட்கும்போது, பெட்டியோடு சேர்த்த அளவைத் தனியாகக் கேளுங்கள். லிஃப்டும் வாசலும் பார்க்கப்போவது பெட்டியைத்தான்.