ஆபரேஷன் செக்லிஸ்ட்: 2009 ஆய்வா, கனடா ஆய்வா, எதை நம்புவது?

ஓடி_சிஸ்டர்:
போன வாரம் எங்கள் நர்சிங் கல்லூரியில் ஓர் ஆய்வு உரை. பேசியவர் ஒரு மணி நேரமும் ஆபரேஷனில் எதுவும் விட்டுப்போகாமல் சரிபார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச செக்லிஸ்ட் பற்றித்தான் பேசினார். 2009 ஆய்வில் டெல்லி, மணிலா, லண்டன், தான்சானியாவின் இஃபகாரா என்று எட்டு ஊர்களில் பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது, சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆயின என்றார். சரி, நல்லது. கேள்வி நேரத்தில் ஒரு பி.ஜி. பையன் எழுந்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதையே கொண்டுவந்தும் இறப்பு 0.71இலிருந்து 0.65தான், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று 2014இல் வந்ததே சார் என்றான். "அவர்கள் ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள்" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கைகாட்டிவிட்டார். அடுத்த மாதம் இதே தலைப்பில் ஜூனியர்களுக்கு நான் பேச வேண்டும், என்ன சொல்வது?

புள்ளிராஜா:
சிஸ்டர், இரண்டுமே முன்-பின் ஒப்பீடுதான். அதே காலத்தில் செக்லிஸ்ட் இல்லாத ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அதனால் அந்த மாதங்களில் வேறு எது மாறியிருந்தாலும் புண்ணியம் செக்லிஸ்ட் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் ஆரம்பத்தைப் பாருங்கள்: ஒன்டாரியோவில் செக்லிஸ்ட் வரும் முன்பே 0.71தான், எட்டு ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்த இடத்தைவிடக் குறைவு. நார்வேயில் இரண்டு மருத்துவமனைகளில் எந்தப் பிரிவுக்கு எப்போது செக்லிஸ்ட் என்பதைக் குலுக்கிப் போட்டுச் செய்தார்கள், 2015இல் வெளிவந்தது. சிக்கல்கள் 19.9 சதவீதத்திலிருந்து 11.5. இறப்பில் மட்டும், மொத்தமாகப் பார்த்தால், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் பேசினால் இதைத்தான் முன்னால் வைப்பேன்.

மயக்க_டாக்டர்:
உரையாளர் சொன்னதில் விஷயம் இருக்கிறது, சிரித்ததுதான் தப்பு. ஒன்டாரியோவில் செக்லிஸ்டைப் பயன்படுத்துகிறோம் என்று சொன்னது மருத்துவமனைகளே. பேப்பரில் டிக் விழுவது வேறு, கத்தி வைக்கும் முன் எல்லோரும் கையை நிறுத்தி, பேர் என்ன, எந்தப் பக்கம், ஆன்டிபயாட்டிக் போட்டு ஒரு மணி நேரத்துக்குள்தானா என்று வாய்விட்டுக் கேட்பது வேறு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் தையல் முடிந்த பிறகு செக்லிஸ்டின் மூன்று கட்டத்துக்கும் (மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன்) ஒரே மூச்சில் டிக் போடுவார்கள், மாப் (ரத்தம் ஒற்றும் துணி) எண்ணியாச்சா என்று கேட்டால் சர்ஜன் முறைப்பார். பெயருக்கு அங்கேயும் நூற்றுக்கு நூறு!

கிராமத்து_நர்ஸ்:
டாக்டர் சொல்வது சரி, ஆனால் அதோடு முடியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் பிரசவ செக்லிஸ்ட் சோதனை நடந்தது, முடிவு 2017இல் வந்தது. ஆபரேஷன் இல்லைதான், ஆனால் கூடவே நின்று பழக்கிக் கொடுத்தார்கள், பிரசவம் பார்ப்பவர்களின் வேலையும் நன்றாகவே மாறியது. தாய் சேய் இறப்பு மட்டும் குறையவில்லை. ரத்தம் கிடைக்காத ஊரில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி வராத ஊரில் பட்டியல் எவ்வளவுதான் இழுக்கும் என்பது என் சந்தேகம்.

ஓடி_சிஸ்டர்:
நன்றி எல்லோருக்கும். நான்கையும் ஒரே ஸ்லைடில் போட்டுவிடுகிறேன், நார்வே முதலில். மீதி நேரத்தில் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிற்க வைத்து, முறைக்கிற சர்ஜனிடம் "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் பழக்கப் போகிறேன். டாக்டர், சர்ஜன் வேஷத்துக்கு நீங்கள் வருகிறீர்களா?